குருவம்மாளின் கொள்ளுக் கஞ்சி

வேண்டாம் தம்பி. நீங்களே சாப்பிடுங்கள்.

சாத்தூர் சேவு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? பக்கத்து ஊர்க்காரன்தான். கோவில்பட்டி. வேண்டாம் என்றால் வேண்டாம். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். மதுரையில் ரத்தம் எடுக்கப் போகிறார்கள்.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். அவ்வளவுதானா? சரி. கோபித்துக்கொள்ளாதீர்கள். நானும் உங்களை மாதிரி இருந்தவன்தான். போன வருஷமாக இருந்தால் நாம் இரண்டு பேரும் இந்த சீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. யாராவது ஒருத்தர் இஞ்சின் மேல்தான் உட்கார வேண்டும்.

எனக்கு ஒன்றும் இல்லை. நோய் எனக்கு இல்லை. அதோ, முன்னால் ஜன்னலோரம், பச்சைச் சேலை. அவளுக்குத்தான். என் சம்சாரம். குருவம்மாள். நோய் அவளுக்கு, ரத்தம் எனக்கு எடுக்கப் போகிறார்கள். குழப்பமாக இருக்கிறதா? சொல்கிறேன். விருதுநகர் வருவதற்குள் முடித்துவிடுவேன். நீட்டி முழக்குகிற ஆள் இல்லை நான்.

அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மெஷினில் படுக்கப்போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கையில் ஒரு புடைப்பு இருக்கும், ஊசி குத்துகிற இடம். தொட்டால் உள்ளே மாவு மெஷின் ஓடுகிற மாதிரி இரையும். அவள் உள்ளே படுத்திருப்பாள். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். அரை நாள் உட்கார வேண்டும். அந்த நாற்காலியைச் செய்தவனை நான் தேடிக்கொண்டிருக்கிறேன். மனிதனை நினைத்துச் செய்த சாமான் இல்லை அது. ஒரு நாள் உட்கார்ந்தேன், நாலு காலும் நாலு திசையில் விரிந்தது. நான் தரையில். நர்ஸ் பெண்கள் ஓடி வந்தார்கள். வாட்ச்மேன் வந்தார். உள்ளே மெஷினில் கிடந்தவள், சத்தம் கேட்டு, "என் வீட்டுக்காரர்தானே?" என்றாளாம். பார்க்காமலே.

அன்றைக்கு முடிவு செய்தேன். இனி அந்த நாற்காலியில் உட்கார முடியாது. என்னிடம் இரண்டு கிட்னி இருக்கிறது. ஒன்றை எடுத்து அவளுக்கு வைத்துவிட்டால் அங்கே போக வேண்டியதில்லை. பெரிய எண்ணம் எல்லாம் கிடையாது தம்பி. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை, வேறு யாரைக் கேட்பது? நாற்காலிக்காகத்தான்.

அவளிடம் சொன்னேன்.

"வேண்டாம்" என்றாள். "உங்க கிட்னியும் உங்களை மாதிரியேதான் இருக்கும். உள்ள வந்தும் சிடுசிடுன்னு விழும். வெளியே ஒண்ணு போதும் எனக்கு."

எதைச் சொன்னாலும் முதலில் வேண்டாம் என்பாள். பெண் பார்க்கப் போனபோதே வேண்டாம் என்றவள்தான். அதனால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

டாக்டர் அம்மா எல்லாச் சோதனையும் செய்தார். சின்ன வயசு டாக்டர்தான். என் ரத்தம் அவளுக்குச் சேர்கிறது. சர்க்கரை இல்லை. பிரஷர் இல்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, உங்களுக்குக் கொழுப்பு ஜாஸ்தி" என்றார்.

"இதைத்தாம்மா கல்யாணம் ஆன நாள்ல இருந்து நானும் சொல்லுதேன்" என்றாள் குருவம்மாள். அந்த ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

எடையைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று டாக்டர் அம்மா சொல்லிவிட்டார். கொஞ்சநஞ்சம் இல்லை, பதினைந்து கிலோ. ஒரு பிள்ளையை இறக்கி வைக்கிற எடை. குருவம்மாளின் கை நரம்பெல்லாம் தேய்ந்து வருகிறது, ரொம்ப நாள் தள்ளிப்போடாதீர்கள் என்றும் சொன்னார்.

என் வேலை என்ன தெரியுமா? வத்தல் கமிஷன் கடையில் எடை போடுகிற வேலை. மிளகாய் வத்தல். முப்பத்தைந்து வருஷம் மூட்டையை எடை போட்டவன். கடைசியில் நானே மூட்டை. யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் தெருவில் ஜெபராஜ் என்று ஒருத்தன். செல்போன் கடை. முப்பத்தெட்டு வயசு, வயிறு மட்டும் ஐம்பது. அவனும் இன்னும் சில பேருமாகச் சேர்ந்து ஒரு கூட்டம் ஆரம்பித்திருந்தான்கள். முப்பது வயசுக்கு மேல் ஆன ஆம்பிளைகள் சேர்ந்து எடை குறைக்கிற கூட்டம். 'முப்பது பிளஸ்' என்று பெயர். விடியற்காலையில் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்து மைதானத்தில் விசில் சத்தம் கேட்கும். தூக்கம் கெடுகிறது என்று நான்தான் முதலில் சத்தம் போட்டவன். இப்போது அதே மைதானத்தில் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, மறுபடியும் கம்ப்ளெயின்ட்டா?" என்றான் ஜெபராஜ்.

"சேர வந்திருக்கேன்."

ஒருத்தனை ஒருத்தன் பார்த்துக்கொண்டான்கள்.

"இது முப்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு அண்ணாச்சி."

"எனக்கு அறுபது. முப்பதுக்கு மேலதானே? கீழேயா?"

சேர்த்துக்கொண்டான்கள்.

அங்கே சுல்தான் இருந்தான், தையல்காரன். மாரிக்கண்ணன் இருந்தான். கடலை மிட்டாய் போடுகிறவன். நாள் முழுக்கப் பாகு காய்ச்சிப் பதம் பார்த்தே பெருத்தவன். இன்னும் இரண்டு மூன்று பேர், பெயர் வேண்டாம், எல்லாம் ஒரே உருவம்தான். சுல்தான் என் இடுப்பை அளந்தான். டேப் எட்டவில்லை. பையிலிருந்து இன்னொரு டேப்பை எடுத்து முடிச்சுப் போட்டான்.

"என்னல, பந்தலுக்கா அளக்க?" என்றேன்.

"முடிச்சு எங்க வருதுன்னு மட்டும் பிடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்றான். மரியாதையான பையன்.

ஜெபராஜ் விசில் ஊதினான். ஓடினோம். ஓடினான்கள் என்று சொல்ல வேண்டும். மைதானத்தில் ஆடு மேய்க்கிற ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போனாள். ஆடும் தாண்டிப் போனது. பிறகு அதன் குட்டியும். தண்டால் எடுக்கச் சொன்னான். குப்புறப் படுத்தேன். வயிறு தரையில் நின்றுவிட்டது. கையும் எட்டவில்லை, காலும் எட்டவில்லை. உருளை மேல் வைத்த பலகை மாதிரி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தேன். சரி, மல்லாந்து படுங்கள் என்றான். படுத்தேன். எழுந்திருக்க முடியவில்லை. மாரிக்கண்ணன் ஒரு கை, சுல்தான் ஒரு கை.

"போதும் அண்ணாச்சி. வீட்டுக்குப் போங்க. வயசான காலத்துல எதுக்கு இது?" என்றான் ஜெபராஜ். நல்ல மனசோடுதான் சொன்னான். பின்னால் ஒருத்தன் சிரித்தான்.

மூச்சு வாங்கியது. அதனால் சுருக்கமாகச் சொன்னேன். "குருவம்மாளுக்கு என் கிட்னியை வைக்கணும். எடை குறைஞ்சாத்தான் எடுப்பாங்களாம். விசிலை ஊது."

அவன் ஊதவில்லை. அந்த ஆட்டுக்குட்டிதான் கத்தியது. "ஊதுல" என்று கத்தினேன். பிறகு ஊதினான்.

அதுதான் நான் செய்த தப்பு. சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து விட்டான்களா என்னை? கோழி கூவுவதற்கு முன்னால் மாரிக்கண்ணன் வந்து கதவைத் தட்டுவான். "அண்ணாச்சி, கிட்னி எந்திரிச்சாச்சா?" தெருவே கேட்கும். நான் ஓடினால் இரண்டு பக்கமும் இரண்டு பேர் ஓடி வருவான்கள், சாமி சப்பரத்துக்குக் காவல் வருகிற மாதிரி. டீக்கடையில் என் கிளாஸில் சர்க்கரை போட்டால் மாஸ்டரோடு சண்டை. ஒருத்தன் பஜ்ஜி வாங்கினால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்றான். உருப்படாத பயல்கள்.

ஜெபராஜ் ஒரு விதி வைத்திருந்தான். அவனவன் வீட்டிலிருந்து பத்தியச் சாப்பாடு கொண்டுவர வேண்டும். ஓடி முடித்ததும் வேப்பமரத்தடியில் எல்லாப் பாத்திரத்தையும் திறந்து நடுவில் வைக்க வேண்டும். பங்கு போட்டுத்தான் தின்ன வேண்டும். தனியாகத் தின்றால் எவனாவது கள்ளத்தனமாக எதையாவது கொண்டுவந்து தின்றுவிடுவானாம். நடுவில் வைத்தால் ஏமாற்ற முடியாதாம். படித்தவன் யோசனை.

நான் வீட்டில் வந்து சொன்னேன். இன்ன மாதிரி பத்தியம் வேண்டும் என்று. முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "கொள்ளுக் கஞ்சி வச்சுத் தரட்டா?" என்றாள். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு. சரியான சாப்பாடு. வேண்டாம் வேண்டாம் என்றவள் மனசு மாறிவிட்டாள் என்று நினைத்தேன்.

மறுநாள் தூக்குவாளி நிறையக் கஞ்சி. குடித்தேன். தம்பி, அப்படி ஒரு கஞ்சியை நான் குடித்ததில்லை. தொண்டையில் வழுக்கிக்கொண்டு போனது.

"இனிக்குதே?" என்று சாயங்காலம் கேட்டேன்.

"புதுக் கொள்ளு" என்றாள்.

நம்பினேன். எனக்கு வத்தலைப் பற்றித்தான் தெரியும். கொள்ளைப் பற்றி என்ன தெரியும்?

ஒரு நாள் கஞ்சி. ஒரு நாள் குதிரைவாலி அடை, 'எண்ணெயே காட்டாமச் சுட்டது'. ஒரு நாள் கம்பு உருண்டை. மெஷினில் படுத்துவிட்டு வந்த மறுநாள் நிற்கவே முடியாது அவளுக்கு. அன்றைக்கும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அடுப்பில் கிளறிக்கொண்டிருப்பாள். "படுக்கக் கூடாதா?" என்று கத்துவேன். "உங்க பத்தியம் கெட்டுரும்" என்பாள்.

மரத்தடியில் என் வாளிக்குத்தான் கிராக்கி. மற்றவன் பாத்திரமெல்லாம் ஓரமாகக் கிடக்கும். ஓட்ஸ், முளைகட்டிய பயறு, வெள்ளரிக்காய், எல்லாம் காக்காய்க்குப் போகும். "மதினி கைப்பக்குவமே தனி. பத்தியத்தையே இப்படி வைக்காங்களே, விருந்து வச்சா என்ன ஆவோம்?" என்று சுல்தான் விரலை நக்குவான். மாரிக்கண்ணன் மட்டும் பேசமாட்டான். கண்ணை மூடிக்கொண்டு குடிப்பான். கடைசியில் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பான்.

மாசம் முடிந்தது. எடை பார்க்க வேண்டும். எங்கள் முதலாளியிடம் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை வத்தல் கடையைத் திறக்கச் சொன்னேன். மூட்டை எடை போடுகிற தராசு. அதில் பொய் வராது. நான் பிடிக்கிற தராசு. எல்லாரும் வரிசையாக நின்றான்கள். கடைக்குள் நுழைந்ததுமே தும்மல். தராசில் ஏறி நின்று ஒவ்வொருத்தனும் தும்ம, எண் ஏறி இறங்கிக் குதிக்கிறது. "மூச்சைப் பிடி, நில்லு" என்று நான் அதட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஜெபராஜ் ஏறினான். கூடியிருந்தது. சுல்தான் ஏறினான். கூடியிருந்தது. மாரிக்கண்ணன், கேட்கவே வேண்டாம். நான் ஏறினேன்.

"அண்ணாச்சி, சாக்குக் கழிவு உண்டுல்லா?" என்றான் சுல்தான் மெதுவாக. மூட்டை எடையில் சாக்கின் எடையைக் கழிப்போம், அதைச் சொல்கிறான். வேட்டி, சட்டை, துண்டு எல்லாம் கழித்தோம். கண்ணாடியைக்கூடக் கழற்றி வைத்தேன். அப்படியும் நாலு கிலோ கூட.

"தராசு பழுது" என்றான் ஜெபராஜ்.

எனக்கு வந்ததே கோபம். "என் தராசைச் சொன்னா பல்லு இருக்காது" என்றேன். "உங்களுக்கு ஓடத் தெரியலை, தராசு மேல பழி போடுதீங்களா?"

அப்புறம் என்ன? இன்னும் அதிகமாக ஓட்டம். அதிகமாக ஓடியதால் அதிகப் பசி. அதிகப் பசியில் அதிகக் கஞ்சி. குருவம்மாள் பெரிய வாளி எடுத்தாள். "உங்க கூட ஓடுற பிள்ளைகளும் பாவம்லா" என்றாள்.

அடுத்த தடவை டாக்டர் அம்மா எடை மெஷினைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். "ஐயா, நீங்க மனசு வைக்கலை" என்றார். பக்கத்தில் குருவம்மாள். கையில் புதிதாக ஒரு இடத்தில் குத்திக் கட்டுப் போட்டிருந்தார்கள். பழைய இடம் வேலை செய்யவில்லை. "இவங்களுக்கு ரொம்ப நாள் இப்படியே ஓட்ட முடியாது. உங்களால முடியாட்டி சொல்லிருங்க. வேற வழி பார்க்கணும்" என்றார். வேறு வழி என்றால் பெயரைப் பதிந்துவிட்டு யாராவது செத்து அவருடையது வரும் வரை காத்திருப்பது.

பஸ்ஸில் வரும்போது என் வயிற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஓடுகிறேன். கஞ்சிதான் குடிக்கிறேன். எந்தக் கிரகம் இது? இந்த உடம்பைக் கழற்றி வைக்க முடிந்தால் பஸ் ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். ஜன்னலில் நுழைந்திருக்காது, அது வேறு விஷயம். குருவம்மாள்தான் தேறுதல் சொன்னாள். "விடுங்க. நம்ம உடம்பு வாகு அப்படி."

ஜெபராஜ் சம்சாரம் எஸ்தர். அவள் மட்டும் இல்லை என்றால் இன்றைக்கும் நாங்கள் ஓடிக்கொண்டிருப்போம், உருண்டைகளாக.

ஒரு நாள் மரத்தடியில் வாளியைத் திறந்துகொண்டிருக்கிறோம். ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். கையில் ஒரு சட்டி. புருஷன் முன்னால் டங்கென்று வைத்தாள்.

"குடிங்க."

ஜெபராஜ் ஒரு வாய் குடித்தான். முகம் கோணிக்கொண்டது. "என்ன எஸ்தர் இது? மாட்டுக்கு வைக்கிற மாதிரி இருக்கு."

"இதுதான் கொள்ளுக் கஞ்சி! கொள்ளுன்னா இப்படித்தான் இருக்கும். ரெண்டு மாசமா வீட்டுல நான் எதை வச்சாலும், 'மதினி கஞ்சி மாதிரி இல்லை, மதினி கஞ்சி மாதிரி இல்லை'. எனக்குப் பைத்தியமே பிடிச்சிருச்சு. மதினிகிட்டப் பக்குவம் கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டாங்க. இன்னைக்கு அடுப்படி வழியா நேரா உள்ள போயிட்டேன்." என் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, அந்த வாளியில என்ன இருக்கு தெரியுமா?"

"கொள்ளு."

"கருப்பட்டி. தேங்காய்ப் பால். முந்திரியை ஊறப்போட்டு அரைச்ச விழுது. மேல நெய். 'கொள்ளு எங்க மதினி?'ன்னேன். 'பேருக்கு ஒரு பிடி கிடக்கும்மா'ன்னாங்க."

சுல்தான் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தான். பார்த்துவிட்டு, மிச்சத்தைக் குடித்துவிட்டுக் கீழே வைத்தான்.

"அந்த அடை?" என்றேன்.

"நெய்யில ஊறப்போட்டது."

எல்லாரும் மாரிக்கண்ணனைப் பார்த்தோம். பாகு காய்ச்சுகிறவன். நாக்கில் வைத்தால் எந்த ஊர்க் கருப்பட்டி என்று சொல்கிறவன்.

"உனக்குத் தெரியாதால?" என்றான் ஜெபராஜ்.

தலையைக் குனிந்துகொண்டான். "முதல் நாளே தெரியும்."

"சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"சொன்னா நிறுத்திருவாங்கன்னு சொல்லலை அண்ணாச்சி" என்றான் என்னைப் பார்த்து. அழுதுவிட்டான். பெரிய உடம்பு, அழுதால் மொத்தமும் குலுங்குகிறது. அவனைத் திட்டுவதா, தேற்றுவதா? வாளியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் குருவம்மாள் சுவரோரம் படுத்திருந்தாள். வாளியைக் கீழே வைத்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தாள்.

"எதுக்கு?" என்றேன்.

"நான்தான் வேண்டாம்னு சொன்னேன்லா. கேட்டீங்களா? ஒத்தைக் காலில நின்னீங்க. வேற என்ன செய்ய?"

"அதுக்கு இப்படியா?"

"உங்களையும் அறுத்துப் போட்டு, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா? நமக்கு முன்ன பின்ன யாரு இருக்கா? ரெண்டு பேரும் விழுந்து கிடந்தா யாரு யாருக்குக் கஞ்சி வைக்க? நான்தான் ஒண்ணுக்கும் ஆகாமப் போயிட்டேன். ஒருத்தராவது முழுசா இருக்கணும்."

அப்போது நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். புருஷன் சொல்கிற மாதிரி ஏதாவது. என் வாயில் வந்தது என்ன தெரியுமா? "முந்திரிப் பருப்பு என்ன விலை விக்குது, தெரியுமா?" என்றேன். அதைச் சொல்லிவிட்டு வெளியே வந்து வாசல்படியில் உட்கார்ந்தேன். நாற்பது வருஷக் குடித்தனத்தில் பேச வேண்டிய ஒரு நாள் வந்தது. முந்திரியைப் பற்றிப் பேசினேன்.

உட்கார்ந்து யோசித்தேன். நானே சமைக்கலாம். வெந்நீர்கூட அடிப்பிடிக்க வைக்கிறவன் நான். ஹோட்டல்? எண்ணெய். எஸ்தர் வீட்டில் கேட்கலாம். அந்த மாட்டுக் கஞ்சி. அப்படியே மத்தியானம் ஆகிவிட்டது. அடுப்படியில் தட்டுச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். குருவம்மாள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"என்ன?" என்றாள்.

"எனக்கும் இதையே போடு."

"இது உங்களால திங்க முடியாது."

"போடு."

எனக்குப் புத்தி கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். ஆனால் வரும். அவள் சாப்பாட்டில் முந்திரி ஆகாது, தேங்காய் ஆகாது, கருப்பட்டி ஆகாது. எல்லாம் டாக்டர் தள்ளச் சொன்னது. அதில் அவள் என்ன கள்ளத்தனம் செய்ய முடியும்?

போட்டாள். சோறு. காயை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் சக்கையாக ஒரு பொரியல். உப்பு கிடையாது. குடிக்க அரை டம்ளர் தண்ணீர். ஒரு வாய் வைத்தேன். ஈரத்துணியைக் கடித்த மாதிரி இருந்தது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். குப்பையும் வாங்காது அதை. எனக்கு மீன் குழம்பு வைத்துப் பரிமாறிவிட்டு, இவள் இதைத்தான் தின்றுகொண்டிருந்திருக்கிறாள். அவள் சாப்பிடுகிற நேரத்தில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். எனக்கென்ன தெரியும்?

"அழாதீங்க. எந்திரிச்சுப் போங்க" என்றாள்.

அழவில்லை தம்பி. வத்தல் கடைக் கண். சும்மாவே தண்ணீர் வரும்.

அன்றிலிருந்து மூன்று வேளையும் அவள் சாப்பாடுதான். அவள் எதிரில் உட்கார்ந்துதான். திட்டிப் பார்த்தாள். பட்டினி கிடந்தாள். நானும் கிடந்தேன். பசி எனக்குத்தான் அதிகம், ஆனாலும் அவள்தான் முதலில் இறங்கினாள். "நீங்க மயங்கி விழுந்தா யாரு தூக்க?" என்று தட்டை வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பயல்கள் வந்தான்கள். அவனவன் தட்டோடு. மன்னிப்புக் கேட்க வந்தானாம் மாரிக்கண்ணன். வரிசையாக உட்கார்ந்தான்கள். குருவம்மாள் பரிமாறினாள். ஒரு வாய் வைத்துவிட்டு எவனும் மெல்லவில்லை.

"மதினி," என்றான் மாரிக்கண்ணன், "இதைத் தின்னுக்கிட்டா எங்களுக்கு அவ்வளவு நெய் ஊத்துனீங்க?"

"இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்றாள். எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் பின்னால் போனது. அதற்கு மட்டும் நல்ல வேகம்.

ஆனால் ஓட்டத்தை நிறுத்தவில்லை. குளிர், மழை, ஊர்த் திருவிழா, எதற்கும் நிறுத்தவில்லை. சுல்தான் டேப்பில் முடிச்சை அவிழ்த்தான். என் வேட்டி இடுப்பில் நிற்காமல் வழுக்க ஆரம்பித்தது. ஆட்டைத் தாண்டினேன். குட்டி வளர்ந்துவிட்டது, அதைத் தாண்ட முடியவில்லை. போன வாரம் வத்தல் கடைத் தராசில் ஏறினேன். "கழிவு போடட்டா அண்ணாச்சி?" என்றான் சுல்தான். "சாக்கோட சேர்த்தே சரியா இருக்கு, பாரு" என்றேன். எல்லாரும் பார்த்தான்கள். தும்மினான்கள். ஜெபராஜ் விசில் ஊதினான், கடைக்குள்ளேயே. கோட்டி பிடித்தவன்.

எடை குறைந்துவிட்டது. ஆனால் குருவம்மாள் சரி என்று சொல்லவில்லை. அவளும் கையெழுத்துப் போட வேண்டும். அவள் படுத்தால்தானே வைக்க முடியும்? நேற்றுகூடக் கேட்டேன். "நாளைக்கு உங்களுக்குத்தானே சோதனை. கூட வாரேன். அவ்வளவுதான். படுக்கிறேன்னு நான் சொன்னேனா?" என்றாள். அவளை நீங்கள் தராசில் ஏற்றவே முடியாது.

விருதுநகர் தாண்டி ரொம்ப நேரம் ஆகிவிட்டதா? ஆகட்டும். இது ஒன்றுதான் பாக்கி.

இன்று காலையில் கிளம்பிக்கொண்டிருக்கிறோம். எஸ்தர் மகளுக்குப் பிறந்தநாள். ஒரு தட்டு கொடுத்துவிட்டுப் போனாள். உளுந்து வடை. அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்தது. மேஜையில் இருந்தது. நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். நான் நினைக்கவில்லை தம்பி. கைதான் போனது. அறுபது வருஷப் பழக்கம், கைக்குத் தெரியாதா? எடுத்துவிட்டேன். வாய்ப் பக்கத்தில் வந்துவிட்டது.

பளாரென்று ஒரு அடி. கையில். வடை எங்கேயோ போய் விழுந்தது.

குருவம்மாள்தான். ஊசி குத்துகிற கையாலேயே அடித்தாள். இத்தனை வருஷத்தில் என்னை ஒரு நாள் தொட்டு அடித்தவள் இல்லை. நான் அப்படியே நிற்கிறேன்.

"ரத்தம் எடுக்கப் போறீங்கல்ல?" என்றாள்.

அவ்வளவுதான். கொண்டையை முடிந்துகொண்டு, பையை எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்துவிட்டாள். மெஷினில் கிடந்து எழுந்த உடம்பு, எங்கிருந்து வந்ததோ அந்த வேகம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் ஓடித்தான் பிடித்தேன். ஓடி. இரைக்கவே இல்லை எனக்கு.

மாட்டுத்தாவணி வந்துவிட்டது. எழுந்திருங்கள். வழியை விடுங்கள் தம்பி, சீக்கிரம். அவள் முன்வாசலில் இறங்கிவிட்டாள். நிற்க மாட்டாள்.